17 வயதுக்கு எந்த வார்டு?



வைட்ஃபீல்டில் ஒரு மருத்துவமனைக்குச் சபையார் சிலரோடு சென்றிருந்தேன். கட்டிலில் 17 வயது வாலிபன். தருமபுரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து குடியேறிய குடும்பம். மருத்துவர் ஆங்கிலத்தில் விளக்கினார். தாயார் மகனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஒன்றுமில்லை அம்மா, இன்னும் கொஞ்ச நாள் மருந்து சாப்பிட வேண்டுமாம்" என்றான். மருத்துவர் சொன்னதோ இரத்தப் புற்றுநோய். சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீளும் என்று. தன் நோயைத் தானே மொழிபெயர்த்து, பாதியை விழுங்கிவிட்டான்.

நாங்கள் என்ன செய்தோம்? எட்டுப் பேர் கட்டிலைச் சூழ்ந்து நின்று ஜெபித்து, ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டுத் திரும்பினோம். அத்தகைய சிகிச்சையில் வெள்ளணுக்கள் குறைந்து, சாதாரண இருமலும் ஆபத்தாகும் என்பதை நான் பிறகே அறிந்தேன். "விசுவாசக் குறைவு" என்று வாசலில் ஒருவர் முணுமுணுத்தது அவன் காதிலும் விழுந்திருக்கும்.

இங்கிலாந்தில் 'டீனேஜ் கேன்சர் டிரஸ்ட்' என்னும் அமைப்பு 1990இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் இளையோருக்கென்றே ஒரு வார்டைத் திறந்தது. குழந்தைகள் வார்டில் சுவரெங்கும் பொம்மைப் படம். பெரியவர்கள் வார்டில் பக்கத்துக் கட்டிலில் எழுபது வயது முதியவர். இரண்டிலும் வாலிபனுக்கு இடமில்லை. 13 முதல் 24 வயதுள்ளோரைக் கவனிக்கும் அவ்வமைப்பில், இளையோர் ஆதரவு ஒருங்கிணைப்பாளர் என்றொரு பணி உண்டு. அவர் மருத்துவருமல்ல, செவிலியருமல்ல. நின்றுபோன படிப்பு, கொட்டிய முடி, வராமற்போன நண்பர்கள் ஆகியவற்றைப் பேச இடங்கொடுப்பார். ஒத்த வயதினரை ஒன்றாக உட்காரவைப்பார். சில மாலைகளில் விளையாட்டு, சில மாலைகளில் பீட்சா! நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் பயத்தை ஒரு வாலிபன் விசாரணைக்குப் பதிலாகச் சொல்லமாட்டான். விளையாட்டின் நடுவே சொல்லிவிடுவான்.

நம் நாட்டில் 10 முதல் 19 வயதினருக்காக 2014 ஜனவரியில் ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் தொடங்கப்பட்டது. அதன் ஆலோசனை மையங்கள் கர்நாடகத்தில் சிநேக கிளினிக் எனப்படுகின்றன. நல்லதே. ஆயினும் அவை பெரும்பாலும் நடந்து வருவோருக்கானவை. மாதக்கணக்காய்க் கட்டிலில் கிடப்பவனுக்கு எட்டாதவை. பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் சமூகப் பணியாளர் உண்டு. பண உதவிக்கும் கல்லூரிக்கான கடிதத்துக்கும் அவரைக் கேட்கலாம். நம்மவர் கேட்கக் கூசுகிறார்கள்.

அடுத்த வாரம் முகக்கவசம் அணிந்து தனியே போனேன். பழம் கொண்டுபோகவில்லை. கிரிக்கெட் பேசினோம், பி.யு.சி. ரெக்கார்டு நோட்டு முடியாததைப் பேசினோம். புறப்படும்போது கேட்டான்: "அண்ணா, டாக்டர் சொன்னதை அம்மாவுக்கு நீங்கள் சொல்லிவிடுகிறீர்களா? என்னால் முடியவில்லை."

மருத்துவரை மறுபடி வேண்டிக்கொண்டோம். அவர் பொறுமையாய் உட்கார்ந்து சொன்னார்; நான் ஒன்றையும் விடாமல் தமிழில் சொன்னேன். தாயார் வெகுநேரம் அழுதார்கள். அவன் அன்று மாலை நன்றாய் உறங்கினான்.