ஒரு வயர் படுத்திய பாடு!

2001-ம் ஆண்டின் கடைசி. கிறிஸ்துமஸ் பண்டிகை நெருங்கிக்கொண்டு இருந்தது. ஐரோப்பாவில் விற்பனைக்காக ஒரு விளையாட்டுப் பெட்டி வந்து இறங்கியது. ஜப்பான் நாட்டின் சோனி நிறுவனம் செய்த "பிளேஸ்டேஷன்" பெட்டி அது.

நெதர்லாந்து நாட்டு அதிகாரிகள் அதைத் தடுத்து நிறுத்தினார்கள். ஒன்று, இரண்டு அல்ல. சுமார் 13 லட்சம் பெட்டிகள்!

பெட்டி நன்றாகத்தான் வேலை செய்தது. குற்றம் அதன் வயரில் இருந்தது. வயரில் காட்மியம் என்ற உலோகம் அளவுக்கு மேல் கலந்திருந்தது. பண்டிகை நேரத்தில் வயரை மாற்ற வேண்டியதாயிற்று. பெரும் நஷ்டம்.

எலும்பை முறிக்கும் நஞ்சு

காட்மியத்தின் கொடுமையை ஜப்பான் நன்றாக அறியும். அங்கே டோயாமா பகுதியில் ஜின்சு என்று ஓர் ஆறு. மேலே இருந்த சுரங்கத்தில் இருந்து காட்மியம் ஆற்றில் கலந்தது. அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தது. நெல்லிலும் ஏறியது. சாப்பிட்டவர்களின் சிறுநீரகம் கெட்டது. எலும்புகள் முறிந்தன. பெண்களே அதிகம் துன்பப்பட்டார்கள். "இத்தாய், இத்தாய்" என்று அலறினார்கள். "வலிக்கிறது, வலிக்கிறது" என்று அதற்குப் பொருள். நோய்க்கும் அதுவே பெயர் ஆயிற்று. காட்மியமே காரணம் என்று 1968-ல் ஜப்பான் அரசு ஒப்புக்கொண்டது.

இதே போல, ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். பாதரசம் நரம்பைக் கெடுக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2006-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் ஐரோப்பாவில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. மின்னணுப் பொருள்களில் காட்மியம் 0.01 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது, ஒரு கிலோவில் பத்தில் ஒரு பங்கு கிராம். ஈயமும் பாதரசமும் 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது. சில பொருள்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

பெட்டி முழுவதையும் எடை போட்டுக் கணக்குக் காட்டித் தப்ப முடியாது. வயரின் உறை தனி. உள்ளே இருக்கும் கம்பி தனி. பற்றவைத்த ஈயப்பொட்டு தனி. ஒவ்வொன்றும் அளவுக்குள் இருக்க வேண்டும்.

இந்தியாவிலும் இந்த வரம்பு உண்டு. 2022-ம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பழைய பொருள்களை முறைப்படி பிரித்து, மறுசுழற்சி செய்யும் பொறுப்பும் தயாரிப்பாளருக்கே.

காகிதம் போதுமா?

ஆனால் பல தொழிற்சாலைகள் என்ன செய்கின்றன? வயர் விற்பவரிடம் ஒரு சான்றிதழ் வாங்குகின்றன. அதைக் கோப்பில் வைக்கின்றன. கடமை முடிந்தது என்று நினைக்கின்றன. இது தவறு. சான்றிதழில் காட்மியம் தெரியாது. வயரைச் சோதித்தால்தான் தெரியும்.

"சோதனைக்குச் செலவு ஆகுமே" என்பார்கள். ஆகும். சிறிய தொழிற்சாலைக்கு அது பாரம்தான். ஆனாலும், ஒவ்வொரு முறை வரும் சரக்கிலும் ஒரு துண்டு எடுத்துச் சோதிப்பது பெரிய செலவா, 13 லட்சம் பெட்டிகள் முடங்குவது பெரிய செலவா? சோனி நிறுவனமும் பட்ட பிறகுதான் விழித்துக்கொண்டது. உதிரிப் பாகம் தருபவர்களைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டு வந்தது.

சில முதலாளிகள் இன்னொன்றும் நினைக்கலாம். வெளிநாட்டுக்குப் போகும் சரக்கு சுத்தமாக இருந்தால் போதும், உள்ளூருக்கு எப்படி இருந்தால் என்ன என்று. இது நியாயம் அல்ல. உள்ளூர்க் குழந்தைக்கும் மூளை ஒன்றுதான்.

அந்த வயர் என்றாவது ஒருநாள் குப்பைக்குப் போகும். செம்புக்காக அதைத் தீயிட்டு எரிப்பவர்கள் ஏழைகள். நச்சுப் புகை முதலில் அவர்கள் நெஞ்சுக்குள்தான் போகும். சான்றிதழ் எழுதியவர் அப்போது அங்கே இருக்க மாட்டார்.

ஆகவே, நஞ்சைத் தொழிற்சாலை வாசலிலேயே தடுக்க வேண்டும். அரசும் கடையில் இருக்கும் சரக்கை அடிக்கடி எடுத்துச் சோதிக்க வேண்டும். பழைய ரேடியோவையும் செல்போனையும் எரிப்பவரிடம் கொடுக்காமல், அனுமதி பெற்ற நிலையத்தில் சேர்ப்பது குடும்பங்களின் பங்கு.