முதலீட்டைக் கேட்கும் முன் வாடிக்கையாளரைக் கேளுங்கள்

கீழ்பென்னாத்தூர் வட்டத்தில் மல்லாட்டையை (நிலக்கடலையை) உடைத்து, எண்ணெய் ஆட்டி விற்கும் தொழிலைத் தொடங்க ஓர் இளைஞர் முன்வந்தால், ‘எவ்வளவு முதலீடு திரட்டுவாய்?’ என்பதுதான் இன்று முதல் கேள்வி. ‘யார் வாங்குவார்கள்?’ என்பது அப்புறம்தான் வருகிறது. இந்த வரிசையை மாற்ற வேண்டிய பொறுப்பு தமிழக அரசுடையது.

அந்த முதல் கேள்விக்குப் பின்னால் இருக்கும் துணிகர முதலீடு ஒரு காலத்தில் பொறுமையான பணமாக இருந்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் டோரியோ 1957-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கணினி நிறுவனத்தில் 70,000 டாலர் போட்டு, பல ஆண்டுகள் காத்திருந்தார். இன்றைய நிதியங்களோ பெரும்பாலும் பத்தாண்டுக் கெடுவுக்குள் பணத்தைத் திருப்பித் தந்தாக வேண்டியவை. பத்தில் ஒன்றிரண்டு நிறுவனங்கள் பல மடங்கு வளர்ந்தால் அவற்றுக்குப் போதும், மற்றவை மூழ்கலாம். மூழ்கும் நிறுவனத்துக்குப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிய ஊர் அப்படிக் கணக்குப் போட முடியாது. 2022-இல் 2,200 கோடி டாலராக மதிப்பிடப்பட்ட இணையவழிக் கல்வி நிறுவனம் பைஜூஸ் 2024-இல் திவால் வழக்கில் சிக்கியதை எல்லோரும் பார்த்தோம்.

துணிகர முதலீடே கூடாது என்பதல்ல நம் வாதம். சென்னையில் 2010-இல் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் அந்தப் பணத்தில் வளர்ந்து 2021-இல் நாஸ்டாக்கில் இடம்பிடித்தது. அதன் ஊழியர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். மென்பொருளை உலகெங்கும் விற்கலாம், அதனால் அந்த வேகம் அங்கே பொருந்தியது. ஆனால் அதே மென்பொருள் துறையில் 1996-இல் தொடங்கிய ஸோஹோ, துணிகர முதலீடு வாங்காமலே, வாடிக்கையாளர் தந்த பணத்தில் வளர்ந்து தென்காசி வரை வேலையைக் கொண்டுபோனது. அடுத்த சுற்று முதலீட்டுக்காக அலையாத தலைமைக்கு ஆட்களைப் பயிற்றுவிக்க நேரம் இருந்தது. பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளுக்கே ஸோஹோ பயிற்சிப் பள்ளி நடத்துகிறது.

டான்சீடு திட்டத்தில் தமிழக அரசு புத்தொழில்களுக்கு ஆதார நிதி தருவது நல்ல காரியம். ஆனால் அதன் வெற்றியை, பிறகு திரட்டப்பட்ட முதலீட்டைக் கொண்டு அளக்கக் கூடாது. மூன்றாம் ஆண்டில் நிறுவனம் இயங்குகிறதா, விற்பனை எவ்வளவு, உள்ளூரில் கொடுத்த சம்பளம் எவ்வளவு என்பதை வட்ட வாரியாக வெளியிட வேண்டும்.

மல்லாட்டை விலை இறங்கும் அறுவடைக் காலத்தில் ஆண்டு முழுவதற்குமான சரக்கை வாங்கிப் போட்டால்தான் எண்ணெய் ஆட்டுபவர் பிழைப்பார். அதற்குத் தேவை, பங்கு கேட்காத, அடுத்த அறுவடைக்குள் திருப்பிக் கட்டும் குறைந்த வட்டிக் கடன். 1949 முதல் இயங்கும் தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம், அந்தக் கடனைக் கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களின் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு வரும் அறுவடைக்கு முன்பே கொடுக்கத் தொடங்க வேண்டும்.