கூரையில் ஏறும் படகு

கித்துல்கலையில் களனி கங்கையின் பாய்ச்சலில் படகு செலுத்துவோர் தலைக்கவசமும் உயிர்காப்பு அங்கியும் அணியாமல் நீரில் இறங்குவதில்லை. நல்ல வழக்கம். ஆனால் ஆற்றோடு கீழே வந்த படகு மீண்டும் மேலே செல்வதற்கு வீதியைத்தான் நம்பியிருக்கிறது. அந்தப் பயணம் வாகனக் கூரையில் நிகழ்கிறது. நீருக்குக் காட்டும் மரியாதையை நாம் வீதிக்கும் காட்டுகிறோமா என்பதே என் கேள்வி.

கயாக் எனப்படும் ஒடுங்கிய சிறு படகு பெரும்பாலும் 20 முதல் 30 கிலோகிராம் வரை எடையுள்ளது. இருவர் இலகுவாகத் தூக்கி வைத்துவிடலாம். பாரம் குறைவு என்பதாலேயே அலட்சியம் பிறக்கிறது. ஆனால் கூரையிலுள்ள படகைப் பெயர்ப்பது காற்று. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் இருந்த விசை 80இல் நான்கு மடங்காகிறது. அதிவேக நெடுஞ்சாலையில் 100ஐத் தொடும்போது ஆறு மடங்கைத் தாண்டுகிறது. ஊர் வீதியில் அசையாதிருந்த முடிச்சு அங்கே அவிழ்வதில் வியப்பில்லை.

செய்யவேண்டியவை கடினமானவையல்ல. கூரையின் குறுக்குச் சட்டங்கள் உறுதியாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். கூரை தாங்கக்கூடிய பாரத்தை வாகனத்தின் கைந்நூலிற் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு தட்டைப் பட்டிகளால் படகைச் சட்டங்களோடு பிணைத்து, முன் நுனியையும் பின் நுனியையும் தனித்தனிக் கயிறுகளால் வாகனத்தின் முன்னும் பின்னும் கட்ட வேண்டும். இழுபடும் இறப்பர்க் கயிறு இதற்கு உதவாது. நைலோன் கயிறும் மழையில் நனைந்தால் சற்று நீளும். அதற்காக அளவுக்கு மீறி இறுக்கினால் வெயிலில் இளகிய பிளாஸ்ரிக் படகு நெளிந்துவிடும். கட்டியபின் படகைப் பிடித்து உலுப்பிப் பாருங்கள். படகோடு வாகனமும் சேர்ந்து ஆட வேண்டும். சில கிலோமீற்றர் சென்றதும் நிறுத்தி மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

மெத்தையைக் கூரையில் வைத்து, யன்னல் வழியே நீட்டிய ஒரு கையால் பிடித்துக்கொண்டு செல்வோரை நம் வீதிகளில் நான் பலமுறை கண்டிருக்கிறேன். கை என்பது கயிறு அல்ல. மெத்தையானாலும் மரப்பலகையானாலும் படகானாலும் காற்றின் கணக்கு ஒன்றே.

விபத்துச் செய்திகளில் 'வேகக் கட்டுப்பாட்டை இழந்து' என்ற சொற்றொடருக்குப் பஞ்சமில்லை. கயிறு கட்டிய விதத்தைப் பற்றி எவரும் கேட்பதில்லை. படகு கழன்றால் அதன் சொந்தக்காரருக்குப் பெரும்பாலும் பொருள் நட்டம் மட்டுமே. உயிராபத்து, பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு. அவருக்கு ஆற்றிலும் படகிலும் எந்தப் பங்கும் இல்லை. படகை வாடகைக்குக் கொடுப்பவர்கள் உயிர்காப்பு அங்கியைக் கொடுப்பது போல நல்ல பட்டிகளையும் கொடுத்து, கட்டும் முறையையும் காட்டியனுப்ப வேண்டும். படகு நம்முடையது, வீதி எல்லோருடையது.