கயிறு யார் கையில்?

“நம் தொழிலாளிக்கு அக்கறை கிடையாது, அதனால்தான் சாமான் பழுதாகிறது” என்று அலுத்துக்கொள்ளும் கனவான்களுக்கு ஒரு சேதி.

அமெரிக்காவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் கார்த் தொழிற்சாலை ஒன்று, சரக்கும் மோசம், ஆட்களும் மோசம் என்று பெயரெடுத்து 1982-இல் மூடப்பட்டது. 1984-இல் டொயோட்டாவும் கூட்டுச் சேர்ந்து அதைத் திறந்தபோது வந்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய ஆட்கள்தாம். சங்கமும் அதே சங்கந்தான். ஆனால் சில வருஷங்களுக்குள் அங்கே உருவான கார், தரத்தில் ஜப்பானியக் காருக்கு ஏறக்குறைய நிகராக நின்றது!

என்ன மாயம்? தலைக்கு மேலே ஒரு கயிறு. பழுதைக் கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். மேற்பார்வையாளர் ஓடி வருவார், திட்டுவதற்கல்ல, உதவுவதற்கு. கோளாறு தீராவிட்டால் வேலை வரிசையே நின்றுவிடும்.

பரிசோதகர் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. கடைசியில் நிற்கும் அவர் கெட்டதைப் பொறுக்கி எறியலாம். அது பிறக்காமல் தடுக்க அவரால் ஆகாது. யந்திரத்தின் சத்தம் மாறும்போதே அறிகிறவன் அதன் முன் நிற்பவன்தான். அவன் வாயை அடைத்துவிட்டு, அக்கறை இல்லை என்று பழிப்பது என்ன நியாயம்?

நம் ஊருக்கு இது ஒத்துவராது என்றும் சொல்ல வழியில்லை. தரத்துக்கென ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை 1998-இல் சென்னைப் பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு வாங்கிவிட்டது.

கயிற்றைத் தொங்கவிடுவது சுலபம். இழுத்தவனை ஏசாமல் இருப்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தைப் பட்ட பிறகு பேசுங்கள், தொழிலாளியின் அக்கறையைப் பற்றி!