கருத்துக் கேட்பும் தாய்மொழியும்

பருவநிலை மாற்றம் குறித்த கொள்கைகளை வகுக்குங்கால், வரைவை இணையத்தில் வைத்து மக்கள் கருத்தைக் கேட்பது அரசுகளின் வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கமே. ஆயினும், எம்மொழியில் கேட்கிறார்கள் என்பதைத் தமிழ்த்துறையினராகிய நாம் உற்று நோக்குதல் வேண்டும்.

2022 செப்டம்பரில் பெருநகர சென்னை மாநகராட்சி தன் பருவநிலைச் செயல்திட்ட வரைவை வெளியிட்டது. 2050க்குள் மாநகரம் கரிமச் சமநிலை எய்த வேண்டும் என்னும் பெருநோக்குடைய ஆவணம் அது. ஆனால் முதலில் ஆங்கிலத்தில் மட்டுமே வந்தது. கருத்துரைக்கத் தரப்பட்டவையோ சில நாள்களே. குரல் எழுந்த பின்னரே கால எல்லை அக்டோபர் வரை நீண்டது. தமிழ் வடிவமும் கிடைத்தது. இரண்டாண்டுகளுக்கு முன்பே இதற்கு முன்னோடி உண்டு. 2020இல் மைய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் பெயர்க்குமாறு தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டு, ஆகஸ்ட் 11 வரை காலமும் அளித்தது. நீதிமன்றம் சொல்லித்தான் தாய்மொழி நினைவுக்கு வரவேண்டுமா?

கலந்தாலோசனை நமக்குப் புதிதன்று. திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயத்தின் பெயரே 'ஷூரா', அதாவது கலந்தாலோசித்தல். அகழ்ப்போரின்போது மதீனாவைக் காக்க அகழ் தோண்டலாம் என்று சொன்னவர் பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்கள். வந்தேறியவர் சொல் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தள்ளிவிடவில்லை.

நம் மேற்குப் புறநகரில் நிலைமை இன்னும் சிக்கலானது. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆகவே செயல்திட்டம் அதற்கு உண்டு. 2019இல் தனி மாநகராட்சியான ஆவடியும், பூந்தமல்லியும் அவ்வெல்லைக்கு வெளியே நின்றன. வெள்ளத்திற்கு எல்லைக்கல் தெரியுமா? திருவேற்காட்டைக் கடந்துதான் கூவம் மாநகருள் புகுகிறது. அம்பத்தூர் ஏரியின் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்குச் செல்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வெள்ளம் புகுந்தது. மதகு எங்கே அடைபட்டது, கால்வாய் எங்கே சுருங்கியது என்பதை வரைபடத்தைவிட நன்கறிந்தவர் அங்குள்ள பட்டறைத் தொழிலாளரும் ஏரிக்கரை முதியவருமே. அவர்கள் படிக்கவியலாத வரைவுக்கு அவர்கள் கருத்து எவ்வாறு வந்து சேரும்?

தொழில்நுட்பச் செய்திகளுக்குத் தமிழ் போதாது என்பார் உளர். தணிப்பு, தகவமைப்பு, கரிம உமிழ்வு என்ற சொற்கள் வழக்கில் வந்துவிட்டன. குறை சொல்லில் இல்லை; பெயர்ப்போரின் நடையில் உள்ளது. ஆங்கில வாக்கியத்தை அப்படியே புரட்டிப் போட்ட அரசாணைத் தமிழைப் படிப்பதைவிட ஆங்கிலத்தையே படித்துவிடலாம்!

எனவே வரைவு வெளியாகும் நாளிலேயே தமிழ் வடிவமும் வெளியாக வேண்டும். கருத்துக் கூறும் காலம் அன்றுதான் தொடங்க வேண்டும். இணையத்தோடு, வார்டு அலுவலகங்களில் கையெழுத்து மடல்களையும் ஏற்க வேண்டும். நம் பங்கும் உண்டு. ஒவ்வொரு வரைவுக்கும் நான்கு பக்கச் சுருக்கத்தை எளிய தமிழில் எழுதுவதை முதுகலை மாணவர்க்கு மொழிபெயர்ப்புப் பயிற்சியாகவே தரலாம். ஜும்ஆ தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்திலும், ஊர் நூலகத்திலும் அதனைப் படித்துக் காட்டலாம். பெரியவர்கள் சொல்வதை மாணவர் எழுதிக்கொண்டு, அவர்கள் பெயரிலேயே இணையத்தில் பதியலாம். ஜமாஅத் பெரியவர்கள் இதற்கு இடமும் ஒரு மணி நேரமும் தந்தால் போதும்.