துப்பாக்கியும் பிறவிப் பாத்தியதையும்

சென்ற வாரம் மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியண்டை நண்பர் ஒருவர் நம்மை நிறுத்தி, "அமெரிக்காவில் எவன் வேண்டுமானாலும் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமாம். அதுவல்லவா சுயமரியாதை? நம்மவன் கையிலும் ஒன்றிருந்தால் எவனாவது ஜாதி பேசுவானா?" என்று கேட்டார். இப்படி நினைப்பவர்கள் அநேகராதலால் சில வார்த்தைகள் எழுதுகின்றோம்.

"எவன் வேண்டுமானாலும்" என்பதே முதல் புரட்டு. அமெரிக்கர் இவ்வுரிமையைத் தங்கள் அரசியல் சட்டத்தில் 1791-ல் சேர்த்தபோது, அங்கே கறுப்பு மக்கள் ஆடுமாடுகளைப்போல் விற்கப்பட்டு வந்தார்கள். 1857-ல் டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பரைக் குடிகளென்று ஒப்புக்கொண்டால் அவர்களும் ஆயுதம் தாங்க நேருமே என்பதையும் ஒரு காரணமாக்கி, அந்நாட்டுத் தலைமை நீதிபதி அவர்களுக்குக் குடியுரிமையில்லை என்றார். அடிமைத்தனம் ஒழிந்த 1865-லும், லைசென்ஸ் இல்லாமல் கறுப்பர் துப்பாக்கி வைக்கக் கூடாதென்று மிசிசிப்பி மாகாணம் சட்டம் செய்தது. இதுவா எல்லோருக்கும் உரிமை?

நம் நாட்டு யோக்கியதையைப் பாருங்கள். 1801-ல் பாளையக்காரரை அடக்கிய கும்பினியார் தென்னாட்டுக் குடிகள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தார்கள். 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்படி இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், வெள்ளையனுக்கு விலக்கு. வெள்ளையன் போனபின் 1959-ல் நாமே புதுச் சட்டம் செய்துகொண்டோம். பிறவிப் பேதம் போயிற்றா? இல்லை. நீலகிரிக்கு வடமேற்கே குடகு நாட்டில், குடகு வம்சத்தில் பிறந்தவருக்கும் ஜம்மா நிலமுடையவருக்கும் இன்றும் லைசென்ஸ் வேண்டியதில்லை. வெள்ளையன் கொடுத்த இச்சலுகையை இந்திய சர்க்கார் 2029 வரை நீட்டியிருக்கிறது. அவர்கள் போர்க்குடியினரென்று காரணங்காட்டி, 2021-ல் கர்நாடக ஹைகோர்ட்டும் அது செல்லும் என்றது.

போர்க்குடியாம்! தாய் வயிற்றிலிருந்து வரும்போதே குழந்தை குறிபார்க்கக் கற்றுக்கொண்டா வருகிறது? ஒருவன் பிறக்கும்போதே வேதத்துக்கு உரியவன் என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சிறுமுகை வாழைத்தோட்டத்தைக் காட்டுப்பன்றி அழித்தால் நம் குடியானவன் மனுவைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும். குடகரை நாம் குறை கூறவில்லை. பிறப்பைப் பார்த்து ஒருவனை நம்பி, மற்றவனைச் சந்தேகிக்கும் சட்டத்தையே குறை கூறுகின்றோம்.

"அப்படியானால் எல்லோருக்கும் கொடுத்துவிடுவதுதானே?" என்பார் நண்பர். கொடுத்த நாட்டின் கதி என்ன? அமெரிக்காவில் இன்று ஜனத்தொகையைவிடத் துப்பாக்கித் தொகை அதிகம். 2012-ல் சாண்டி ஹூக் பள்ளிக்கூடத்தில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுடப்பட்டு மாண்டார்கள். 2022-ல் யுவால்டி பள்ளிக்கூடத்தில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் மாண்டார்கள். அங்கே நூற்றுக்கணக்கான போலீசார் துப்பாக்கியோடு வந்தும், ஒரு மணி நேரத்துக்கு மேலாகியே கொலைகாரனிருந்த அறைக்குள் புகுந்தார்கள். துப்பாக்கி காப்பாற்றிய லட்சணம் இது!

நம் ஊரில் துப்பாக்கி கடைச்சரக்கானால் முதலில் வாங்குகிறவன் யார்? கூலிக்காரனா, பண்ணையாரா? 1968-ல் கீழ்வெண்மணியில் அரைப்படி நெல் கூலி அதிகம் கேட்ட குற்றத்துக்காக 44 உயிர்கள் குடிசையில் கருகின இரவில், துப்பாக்கி எந்தப் பக்கம் இருந்தது? பணமும் ஜாதியும் உள்ளவனிடமே ஆயுதம் போய்ச் சேரும். அப்புறம் ஜாதி பேச அவன் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை.

ஆகையால் தோழர்களே! பிறவியைப் பார்த்துக் கொடுக்கும் சலுகை எவருக்கும் வேண்டாம். அவசியத்தையும் தகுதியையும் விசாரித்தே யாருக்கும் லைசென்ஸ் கொடுக்கட்டும். நமக்குத் துப்பாக்கியில் சமபங்கு வேண்டாம். துப்பாக்கிக்குப் பயப்படாமல் வாழும் வாழ்வில்தான் சமபங்கு வேண்டும்.