'வால்பாறை தாலுகாவுக்கு மட்டும் லீவு': விட்டுப்போன பாடத்தை ஆன்லைன் கூட்டுக் கருவிகள் ஈடுகட்டுமா?

தென்மேற்குப் பருவமழை தீவிரமாகும்போதெல்லாம் டிவி ஸ்க்ரோலில் ஓடும் வரி இது: 'கனமழை காரணமாக வால்பாறை தாலுகா பள்ளிகளுக்கு மட்டும் இன்று விடுமுறை.' கோவையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். பொள்ளாச்சியில் லேசான தூறல்தான் இருக்கும். ஆனால் 40 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனால் மரம் சாய்ந்து கிடக்கும், ரோட்டில் மண் சரிந்திருக்கும், கரன்ட் போயிருக்கும்.

கீழே இருக்கும் மாணவருக்கு அன்றைக்குப் பாடம் நடக்கிறது. மேலே இருப்பவருக்கு நடப்பதில்லை. பொதுத்தேர்வு வினாத்தாள் மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

'அதான் ஆன்லைன் இருக்கே, வீட்டுல இருந்தே சேர்ந்து படிக்கலாமே' என்று சொல்வது ஈஸி. ஒரே பாடத்தைப் பல மாணவர்கள் ஒரே நேரத்தில் எழுதி, திருத்தி, விவாதிக்க உதவும் கூட்டுக் கருவிகள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. மலைப்பள்ளிக்கு இவை பொருந்துமா? மதிப்பெண் போட இவற்றை நம்பலாமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கூட்டுக் கருவி என்றால் என்ன? ஆன்லைன் வகுப்பும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஆன்லைன் கல்வியை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது.

முதலாவது, ஒருவழிப் பாதை. 2019 ஆகஸ்ட்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் இருக்கும் க்யூ.ஆர். கோடு வீடியோக்கள் எல்லாம் இந்த வகை. ஆசிரியர் சொல்வார், மாணவர் கேட்பார். அவ்வளவுதான்.

இரண்டாவது, நேரலை வகுப்பு. ஜூம், கூகுள் மீட் போன்றவை. கேள்வி கேட்கலாம். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் இணைப்பில் இருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் கூட்டுக் கருவி. கூகுள் டாக்ஸ், பகிரப்பட்ட அட்டவணை, பேட்லெட் மாதிரியான டிஜிட்டல் பலகை, விக்கி பக்கம் ஆகியவை இதில் வரும். ஒரு மாணவர் இரண்டு வரி எழுதுவார். இன்னொருவர் அதைத் திருத்துவார். மூன்றாமவர் 'இது தப்பு' என்று ஓரத்தில் குறிப்பு போடுவார். ஆசிரியர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்க்கலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பக்கம் அங்கேயே இருக்கும்.

உலகிலேயே பெரிய கூட்டுக் கருவி எதுவென்று கேட்டால் பலரும் சொல்வது விக்கிப்பீடியா. தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இயங்குகிறது. 2017-ல் தமிழ்நாட்டுப் பள்ளி ஆசிரியர்களுக்கு அதில் எழுதுவதற்குப் பயிற்சியும் தரப்பட்டது. ஆக, இது தமிழ்நாட்டு வகுப்பறைக்குப் புது விஷயமல்ல.

கொரோனா காலம் என்ன சொல்லிக்கொடுத்தது?

பாடம் நடத்துவதைவிட மதிப்பிடுவதுதான் கஷ்டம் என்று சொல்லிக்கொடுத்தது.

2020-ல் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தானது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களுக்கு 80 சதவீதமும் வருகைப்பதிவுக்கு 20 சதவீதமும் கணக்கிட்டு மதிப்பெண் தரப்பட்டது. 2021-ல் பிளஸ் 2 தேர்வும் ரத்து. அப்போது பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் 1-லிருந்து 20 சதவீதம், பிளஸ் 2 செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 சதவீதம் எடுத்தார்கள். அதாவது, மாதக்கணக்கில் ஆன்லைனில் படித்ததை நேரடியாக அளக்க நம்பகமான வழி கையில் இல்லை. பழைய மார்க்கை வைத்துதான் கணக்குப் போட வேண்டியிருந்தது.

கல்லூரிப் பக்கம் நிலைமை இன்னும் சிக்கல். 2021 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகம் கேமரா கண்காணிப்புடன் ஆன்லைன் தேர்வு நடத்தியது. முடிவு வந்தபோது ஏராளமானோர் தோல்வி, பலரின் முடிவுகள் நிறுத்திவைப்பு. எதிர்ப்பு கிளம்பியதும் மறுதேர்வு நடத்தப்படும் என்று அதே ஆண்டு மே மாதம் அரசு அறிவித்தது.

இரண்டு அனுபவங்களும் சொல்வது ஒன்றுதான். ஒரே நாளில், ஒரு மணி நேரத்தில் நடத்தும் ஆன்லைன் தேர்வு, மாணவரின் அறிவோடு சேர்த்து அவர் வீட்டு இணைப்பையும் சோதிக்கிறது.

அப்படியானால் கூட்டுக் கருவியால் மதிப்பீட்டில் என்ன லாபம்?

குழுவாகச் செயல்திட்டம் கொடுத்தால் வழக்கமாக என்ன நடக்கும்? ஒருத்தர் எழுதுவார், நாலு பேர் பெயர் போட்டுக்கொள்வார்கள். ஆசிரியர் கைக்கு முடிந்த நோட்டுதான் வரும். அது எப்படி உருவானது என்பது தெரியாது.

கூட்டு ஆவணத்தில் 'திருத்த வரலாறு' என்ற ஒன்று இருக்கிறது. யார், எப்போது, எதைச் சேர்த்தார், எதை நீக்கினார் என்பது பதிவாகும். முதலில் தப்பாக எழுதி, நண்பர் சொன்ன பிறகு ஒரு மாணவி சரிசெய்திருந்தால் அதுவும் தெரியும். விடை சரியா தப்பா என்பதோடு, விடைக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதையும் பார்க்கலாம்.

இதற்காகப் புதிய சட்டமோ அரசாணையோ தேவையில்லை என்பது கவனிக்க வேண்டிய விஷயம். தமிழ்நாட்டில் 2012-13-ல் அறிமுகமான முப்பருவ முறையில் 60 மதிப்பெண் பருவத் தேர்வுக்கு, மீதி 40 மதிப்பெண் வகுப்பறைச் செயல்பாடுகளுக்கான வளரறி மதிப்பீட்டுக்கு. மேல்நிலை வகுப்புகளிலும் ஒவ்வொரு பாடத்துக்கும் 10 மதிப்பெண் அகமதிப்பீடு உண்டு. இந்த இடத்தில்தான் கூட்டுக் கருவி சரியாகப் பொருந்தும்.

சரி, பிரச்னை எங்கே?

முதல் பிரச்னை: தேவைப்படும் நாளில்தான் இது வேலை செய்யாது. மழை லீவு விடும் அன்றைக்கே மின்கம்பி அறுந்திருக்கும். டவர் பேட்டரி தீர்ந்தால் சிக்னலும் போய்விடும். 'பள்ளி மூடினால் ஆன்லைன்' என்ற சூத்திரம் சமவெளிக்குச் சரி. மலையில் பள்ளியும் இணைப்பும் சேர்ந்தேதான் மூடும்.

இரண்டாவது, போன். 2021-ல் ஏசர் அமைப்பு இந்தியக் கிராமப்புறங்களில் எடுத்த ஆய்வில், பள்ளிக் குழந்தைகளில் 67.6 சதவீதம் பேரின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. ஆனால் போன் இருந்த வீடுகளிலும் 26.1 சதவீதக் குழந்தைகளுக்கு அது கைக்கே கிடைக்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் அம்மா, அப்பா போனை எடுத்துக்கொண்டு காலையில் கிளம்பினால், பிள்ளை கைக்கு அது வருவது பொழுது சாய்ந்த பிறகுதான்.

மூன்றாவது, இதுதான் ரொம்ப சீரியஸ். வீட்டில் சிக்னல் கிடைக்காத பிள்ளை என்ன செய்யும்? சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போகும். 'இன்று இரவு 8 மணிக்குள் பதிவேற்றவும்' என்று ஆசிரியர் ஒரு கெடு வைத்தால், வால்பாறையில் அதன் அர்த்தமே வேறு. யானையும் சிறுத்தையும் கரடியும் நடமாடும் தேயிலைக் காட்டில், இருட்டில், ஒரு பிள்ளை போனைப் பார்த்தபடி நிற்கிறது என்று அர்த்தம். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் சிறு குழந்தைகள் வனவிலங்கு தாக்கி உயிரிழந்த சம்பவங்கள் 2025-ல் இந்த ஊரையே உலுக்கின. அந்த நிலையில், இரவுக் கெடு என்பது வெறும் நிர்வாக விஷயமாக இருக்க முடியாது.

நான்காவது, மதிப்பெண்ணில் ஒரு மறைமுக அநீதி. திருத்த வரலாற்றைப் பார்த்து 'யார் அதிக வரி எழுதினார்' என்று எண்ணி மார்க் போட்டால், டவுனில் நல்ல நெட் உள்ள மாணவர் ஜெயிப்பார். எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பவர் நோட்டில் யோசித்து எழுதியது எங்கேயும் பதிவாகாது. படிப்பை அளக்கப் போய் சிக்னலை அளந்த கதையாகிவிடும்.

வால்பாறையிடமே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. அது என்ன?

யானை.

வால்பாறையில் பல வருடங்களாக ஒரு கூட்டுத் தகவல் முறை வெற்றிகரமாக நடக்கிறது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து உருவாக்கிய யானை முன்னெச்சரிக்கை முறை அது. யானை எந்த எஸ்டேட் பக்கம் நிற்கிறது என்ற தகவல் உள்ளூர் கேபிள் டிவியில் ஸ்க்ரோலாக ஓடியது. 2011 முதல் எஸ்.எம்.எஸ். வந்தது. படிக்க முடியாதவர்களுக்குத் தமிழில் குரல் அழைப்பு. முக்கிய இடங்களில் செல்போன் மூலம் எரியவைக்கும் சிவப்பு விளக்குகள். நாளடைவில் அந்த விளக்குகளை ஊர்க்காரர்களே இயக்கத் தொடங்கினார்கள். இந்தப் பணிக்காக ஆனந்த குமாருக்கு 2015-ல் விட்லி விருது கிடைத்தது.

இது ஏன் ஜெயித்தது என்று பார்த்தால் மூன்று காரணம் புரியும். ஒன்று, ஸ்மார்ட்போனையோ இன்டர்நெட்டையோ மட்டும் நம்பவில்லை. டிவி, எஸ்.எம்.எஸ்., குரல், விளக்கு என நாலு வழி இருந்தது. ஒன்று போனாலும் இன்னொன்று சேரும். இரண்டு, தகவல் மேலிருந்து கீழே மட்டும் வரவில்லை. யானையைப் பார்த்தவரே தகவல் கொடுத்தார். மூன்று, மக்களுக்கு அது நேரடியாகப் பயன்பட்டது. உயிர் காத்தது.

பள்ளிக்கும் இதே கணக்குதான்.

நடைமுறையில் எப்படி இருக்கலாம்?

ஒரு உதாரணம். தமிழ்நாட்டில் மழை அதிகம் பெய்யும் இடங்களில் ஒன்று, வால்பாறை அருகே உள்ள சின்னக்கல்லாறு. சின்னக்கல்லாறு, சோலையாறு, வால்பாறை டவுன் எனப் பல இடங்களில் இருந்து வரும் மாணவர்கள், பிளாஸ்டிக் பாட்டிலில் செய்த எளிய மழைமானியை வீட்டு வாசலிலேயே வைக்கிறார்கள். தினமும் காலையில் அளவை நோட்டில் குறிக்கிறார்கள். லீவு நாளிலும் இந்த வேலை நிற்காது. நெட் தேவையில்லை. பள்ளி திறந்ததும் பள்ளிக் கணினியில் ஒரே பகிர்வு அட்டவணையில் எல்லோரும் பதிவிடுகிறார்கள். வரைபடம் போடுகிறார்கள். 'ஒரே நாளில் இரண்டு இடத்துக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?' என்று குழுவாக விவாதித்து எழுதுகிறார்கள். கணக்கு, அறிவியல், புவியியல், தமிழ் நாலும் இதில் வந்துவிடும்.

மதிப்பெண் எப்படி? குழுவின் ஆவணத்துக்கு ஒரு பகுதி. ஒவ்வொருவரின் நோட்டுக்கு ஒரு பகுதி. பிறகு ஆசிரியர் ஒவ்வொரு மாணவரிடமும் இரண்டு நிமிடம் வாய்மொழியாகக் கேட்கும் கேள்விக்கு ஒரு பகுதி. 'இந்த வரைபடத்துல இந்த இடம் ஏன் உயருது?' என்று கேட்டால் யார் புரிந்து செய்தார், யார் பெயர் மட்டும் போட்டார் என்பது தெரிந்துவிடும். போன் இல்லாத பிள்ளைக்கும் இதில் ஒரு மார்க்கும் குறையாது.

கருவிகளிலும் சில வசதிகள் உண்டு. கூகுள் டாக்ஸில் ஆஃப்லைன் வசதியை முன்கூட்டியே ஆன் செய்து வைத்தால், நெட் இல்லாதபோது எழுதியது இணைப்பு வந்ததும் தானாகச் சேர்ந்துகொள்ளும். வாட்ஸ்அப் குரல் பதிவும் அப்படித்தான். ஜார்க்கண்ட், அசாம் பக்கமிருந்து வந்து தோட்டங்களில் வேலை செய்யும் குடும்பங்கள் இங்கே அதிகம். தமிழில் எழுதத் தடுமாறும் அந்தப் பிள்ளைகளுக்குக் குரல் பதிவு பெரிய வசதி.

ஆசிரியர்கள் தரப்பு என்ன?

எமிஸ் இணையதளத்திலும் செயலிகளிலும் விவரம் பதிவேற்றவே நேரம் போகிறது, பாடம் நடத்த நேரமில்லை என்பது ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து வைக்கும் புகார். 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் செயலி வழி மதிப்பீடு இடம்பெற்றது. கூட்டுக் கருவியும் இன்னொரு பதிவேற்ற வேலையாக மாறினால் அது முதல் மாதத்திலேயே செத்துவிடும். புதிதாக ஒன்றைக் கொண்டுவரும்போது பழைய பதிவு ஒன்றையாவது எடுத்துவிட வேண்டும்.

பிள்ளைகளின் தகவல் பத்திரமா?

இதுவும் கேட்க வேண்டிய கேள்விதான். 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளை ஆராய்ந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச், அவற்றில் 89 சதவீதம் குழந்தைகளின் உரிமைக்குப் பாதிப்பு தரக்கூடியவை என்று 2022-ல் சொன்னது. இந்தியாவின் 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரும் குழந்தைகளே. அவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்பது பொது விதி. முழுப்பெயர், வீட்டு முகவரி, போட்டோ எதுவும் இல்லாமல் குழு எண்ணை வைத்தே வேலை நடத்துவது நல்லது. லிங்க்கை ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போடாமல் இருப்பது அதைவிட நல்லது.

கடைசியாக...

கூட்டுக் கருவி மழையை நிறுத்தாது, ஆசிரியர் பற்றாக்குறையையும் தீர்க்காது. லீவு விட்ட நாளில் ஒரு பிள்ளை வீட்டில் செய்த வேலை வீணாகாமல், மறுநாள் வகுப்பில் மற்றவர்களின் வேலையோடு சேர உதவும். அதற்கே மூன்று நிபந்தனைகள்: பதிவேற்றம் பள்ளி நேரத்தில், பள்ளியில் நடக்க வேண்டும். போன் இல்லாததற்காக மார்க் குறையக் கூடாது. இருட்டிய பிறகு எந்தக் கெடுவும் இருக்கக் கூடாது.

அடுத்த முறை 'வால்பாறை தாலுகாவுக்கு மட்டும் விடுமுறை' என்ற ஸ்க்ரோல் ஓடும்போது, பெற்றோர்கள் பள்ளியிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: 'இன்னைக்கு விட்டுப்போன பாடத்தை எப்போ, எப்படி எடுக்கப்போறீங்க?'